‘அது போனா?’ மிஸ்

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஒருமுறை கந்தோர் மலருக்காக அவரைப் பற்றி நாலு வரி கேட்டபோது, "பேரை விடுங்கோ சேர், பாதையைப் பற்றி எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போய்விட்டார். கடைசியில் அந்த மலரில் என்னுடைய படம்தான் பெரிதாக வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் வெட்கம்.

நான் அவருக்கு மேலதிகாரி. கடதாசியில் அப்படித்தான் இருந்தது. யாழ்ப்பாணத்தில் தொலைபேசி, இணைய இணைப்புகள் கொடுக்கும் ஒரு கம்பனியின் பிராந்தியக் கந்தோரில் நான் முகாமையாளர். அவர் கேபிள் பாதைகளைத் திட்டமிடும் பொறியியலாளர். கேபிள் என்றால் உள்ளே தலைமயிர் தடிப்பில் கண்ணாடி இழை. அதற்குள் ஒளி ஓடும். ஊர்ச் சனத்தின் பேச்சும் படமும் அந்த ஒளியில்தான் போகும். இழை எங்காவது அறுந்தால் பேச்சு அந்தக் கணமே வேறு வழியால் திரும்பவேண்டும். அந்த வேறு வழியை, அறுவதற்கு முன்னமே கண்டுபிடித்து ஆயத்தமாக வைத்திருப்பது அவருடைய பொறுப்பு.

எதைக் காட்டினாலும் அவர் கேட்பது இரண்டே சொல்: "அது போனா?"

புதுக் கருவி வந்து இறங்கும். நாங்கள் பெட்டியை உடைத்துச் சுற்றிநின்று பார்த்துக்கொண்டிருப்போம். அவர் வந்து நிற்பார். "நல்லாயிருக்கு. அது போனா?" புது ஜெனரேற்றர் வரும். "அது போனா?" தேத்தண்ணி போடும் கேத்திலுக்கும் அதே கேள்விதான். பெடியள் அவருக்கு ‘அது போனா மிஸ்’ என்று பட்டம் வைத்தார்கள். அது அவர் காதில் விழுந்தது. கோபிக்கவில்லை. "ஆர் வைச்சது? நல்ல மூளை. அவன் இடம் மாறிப் போனா அடுத்த பட்டம் வைக்க ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

மெலிந்த ஆள். பருத்திச் சேலை, கையில் ஆண்கள் கட்டும் பெரிய மணிக்கூடு. அரியாலையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். கைப்பையில் எல்லாம் இரண்டிரண்டாக இருக்கும்: இரண்டு பேனை, இரண்டு ரோச் லைற், இரண்டு மூக்குக்கண்ணாடி. போனும் இரண்டு. ஒன்று எங்கள் கம்பனி, மற்றது போட்டிக் கம்பனி. தலைமைக் கந்தோரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். நான் மிஸ்ஸைத் தனியே கூப்பிட்டு, "உதைக் கொஞ்சம் ஒளிச்சு வைக்கக்கூடாதோ?" என்றேன்.

"எங்கடை லைன் போச்சுது எண்டு எங்கடை போனிலை எப்பிடிச் சேர் சொல்லுறது?"

பேசாமல் வந்து என் கதிரையில் இருந்தேன். அவரோடு கதைத்துவிட்டு நான் பேசாமல் வந்து கதிரையில் இருந்த நாட்கள் நிறைய.

என் மகளின் கலியாண அழைப்பிதழை அவருக்குக் கொடுத்த நாளும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். ஆனால் அன்று நான் பேசிவிட்டேன். அவர் அழைப்பிதழை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "ஐயர் எத்தினை மணிக்கு வாறார், சேர்?" என்று கேட்டார்.

"எட்டு மணிக்கு. முகூர்த்தம் ஒன்பது பத்துக்கு."

"அவர் வரேல்லையெண்டா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நல்ல காரியம் கதைக்கேக்கை அபசகுனமாக் கேக்காதேங்கோ" என்று கத்தியேவிட்டேன். கந்தோரே திரும்பிப் பார்த்தது. அவர் "மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர்" என்று சொல்லி அழைப்பிதழைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

கலியாணத்தன்று எட்டரையாகியும் ஐயரைக் காணவில்லை. அன்றைக்கு யாழ்ப்பாணம் முழுக்கக் கலியாணம். எங்கள் ஐயர் கோண்டாவில் பக்கம் இன்னொரு மணவறையில் அகப்பட்டுக்கொண்டார். மணி ஒன்பதாகிறது. சம்பந்தி என்னைப் பார்க்கிறார், நான் வாசலைப் பார்க்கிறேன், மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஒன்பது ஐந்துக்கு ஐயர் மோட்டார் சைக்கிளில் வந்து குதித்தார். தாலி நேரத்துக்கு ஏறியது.

சாப்பாட்டுப் பந்தியில் எங்கள் ‘அது போனா’ மிஸ்ஸுக்குப் பக்கத்தில் பட்டு வேட்டியோடு ஒருவர் இருந்தார். யார் என்று கேட்டேன். "எங்கடை அரியாலையிலை ஒரு சின்னக் கோயில் ஐயர், சேர். இண்டைக்கு அவருக்கு வேறை வேலை இல்லை. அதுதான் சாப்பிட்டுப் போவம் எண்டு கூட்டியந்தனான்" என்றார். அந்த மனிதர் காலை ஏழரைக்கே மண்டபத்துக்கு வந்து, பூணூலை மூடிச் சால்வை போட்டுக்கொண்டு, மூன்றாவது வரிசையில் விருந்தாளியாக இருந்திருக்கிறார். தேவைப்பட்டால் எழும்புவதற்காக. தேவைப்படாதபடியால் பாயாசம் குடித்தார்.

"நல்ல நேரம் எல்லாருக்கும் ஒண்டுதானே, சேர்" என்றார் அவர். "எல்லாரும் ஒரே நேரத்திலை ஒரு ஆளைத் தேடினா அந்த ஆள் என்ன செய்யிறது?"

அந்த வார்த்தையை நான் அன்று ஒரு சாப்பாட்டுப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இந்தப் பழக்கம் எங்கே இருந்து வந்தது என்று எனக்குத் தெரியவந்தது ஒரே ஒரு தரம். நாவற்குழிப் பாலத்தில் கேபிள் பார்க்கப் போயிருந்தோம். வெய்யில் மண்டையைப் பிளந்தது. கைபிடிச் சுவரோடு மூன்று கம்பனிகளின் கேபிள்கள் அருகருகே ஓடின. நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்.

"மூண்டு கம்பனி, மூண்டு கேபிள். ஒரு பாலம்" என்றார். பிறகு, "சண்டை நேரம் நாங்கள் இடம்பெயரேக்கை எனக்குப் பதின்மூண்டு வயது. முழுச் சனமும் இந்த ஒரு பாதையாலைதான். ஒரு அடி வைக்க அரை மணித்தியாலம். அம்மா சைக்கிளைப் பிடிச்சபடி நிண்டவ. எனக்கு அப்ப ஒரு யோசினைதான், சேர். இத்தினை பெரிய ஆக்கள் இருக்கினம், ஒருத்தரும் இதை முதலே யோசிக்கேல்லையோ எண்டு."

நானும் அதே பாதையால்தான் போனேன், அதே சனத்துக்குள். எனக்கு அதில் மிஞ்சியது பத்து நாள் காய்ச்சல். அவருக்கு ஒரு கேள்வி மிஞ்சியது. அந்தக் கேள்வியை அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இனி ராசன் அண்ணையின் மகளுடைய கதைக்கு வரவேண்டும்.

ராசன் அண்ணை எங்கள் லைன்மன். பருத்தித்துறைக் கடற்கரைக் குடும்பம். தகப்பன் வள்ளம் ஓட்டினார், இவர் கம்பிப் போஸ்ற்றில் ஏறினார். ஒரே மகள். கலியாணம் கட்டி எட்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு வயிற்றில் ஒன்று தங்கியது. ஆறாம் மாதத்தில் பார்த்தால் வயிற்றுப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு ஒழுங்கில்லை, இடைக்கிடை தப்புகிறது. கடற்கரைப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் மகளை வீட்டுக்கு விடாமல் மறித்துவிட்டார்கள். வயிற்றில் இருக்கும் பிள்ளையின் இதயத்தைப் படித்துச் சொல்லக்கூடிய நிபுணர் கொழும்பில் இருந்தார். அவர் செவ்வாய்க்கிழமை காலையில் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை திரையில் வருவார். இங்கே டொக்டர் தாயின் வயிற்றில் ஸ்கான் கருவியை நகர்த்துவார். அங்கே அவர் பார்த்து, கொஞ்சம் இடப்பக்கம், அங்கேயே பிடியுங்கள் என்று வழிகாட்டுவார். பொறுத்துப் பார்ப்பதா, வெட்டி எடுப்பதா என்பதைக் கிழமைக்குக் கிழமை அவர்தான் தீர்மானித்தார்.

அந்த ஆஸ்பத்திரிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் இருந்த இணைப்பு எங்களுடையது.

அந்த இணைப்பை ஆரம்பிக்கும்போது ஒரு பரிசோதனை செய்தோம். கேபிள் அறுந்தால் வானத்துச் செய்மதி வழியாகத் திருப்பலாம் என்பது என் யோசனை. திருப்பினோம். படம் அழகாக வந்தது. எனக்கு உச்சி குளிர்ந்தது. மிஸ் டொக்டரிடம் கருவியை அவருடைய முழங்கையிலேயே வைத்து நகர்த்தச் சொன்னார். கொழும்பிலிருந்து நிபுணர் "நில்லுங்கோ" என்றார். டொக்டர் நிறுத்தினார். ஆனால் அதற்குள் கருவி காட்டவேண்டிய இடத்தைக் கடந்து மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. படம் அங்கே போகவும் குரல் இங்கே வரவும் பிடித்த அந்தச் சின்ன நேரம் போதுமாக இருந்தது. மூன்று தரம் செய்தார்கள். மூன்று தரமும் அதே கதை.

"வழி இருக்கு, ஆனா சுணங்குது" என்றார் அவர். "சுணங்கி வந்தா அது கடிதம், சேர். கதை இல்லை."

சுணக்கம். அவருடைய இரண்டாவது சொல் அது. தாமதத்தை நாங்கள் ஆங்கிலத்தில் பெரிய சொற்களால் சொல்லுவோம். அவர் சுணக்கம் என்றுதான் சொல்லுவார். மாற்று வழி உயிரோடு இருந்தால் போதாது, முதல் வழியைப் போலவே கெதியாகவும் இருக்கவேண்டும். வடமராட்சியில் இருக்கும் ஆள் யாழ்ப்பாணத்தோடு கதைக்க, பேச்சு நாடெல்லாம் சுற்றிக்கொண்டு வருவதை அவரால் தாங்கவே முடியாது.

ஆகவே தரையால் இரண்டு வழி வேண்டும் என்று முடிவானது. அந்த நேரம் பார்த்து அவருடைய தாயாருக்குச் சுகமில்லாமல் போய், அவர் இரண்டு கிழமை லீவில் நின்றார். தலைமைக் கந்தோர் என்னைப் பிய்த்துத் தின்றது. நானே படம் வரைந்தேன். ஒரு பாதை மேட்டு வீதியால், சிவப்பு. மற்றது கடற்கரை வீதியால், நீலம். சிவப்பும் நீலமும் ஓரிடத்திலும் தொடவில்லை. ஒரே பாலம் இல்லை, ஒரே போஸ்ற் இல்லை, ஒரே மதகுகூட இல்லை. அவரிடம் படித்த பாடம் எல்லாவற்றையும் போட்டு வரைந்து, கையெழுத்தும் வைத்தேன். பெருமையாக இருந்தது. ஏற்கனவே கட்டிக் கிடந்த கேபிள்களை இணைத்ததுதான் என்பதால் வேலையும் கெதியாக முடிந்தது.

அவர் லீவு முடிந்து வந்து படத்தைப் பார்த்தார்.

"வடிவாய்த்தான் இருக்கு" என்றார். "நடந்து பாத்தனீங்களோ?"

"ரண்டு பாதையும் சேத்து அறுபது கிலோமீற்றர் வரும். ஏன் நடக்கவேணும்? ஜீப்பிலை போய்ப் பாத்தனான்."

"அப்ப நான் ஒருக்கா நடக்கட்டே?"

நாலு நாள் நடந்தார். ராசன் அண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடப் போனார். கேபிள் வீதியைக் கடக்கிற ஒவ்வோர் இடத்திலும் நின்று பக்கத்துக் கடையில், வீட்டில், ஒரே கேள்வி: "உந்த வயரை ஆரும் எப்பவாவது கழட்டுறவையோ?" சனம் சிரித்திருக்கிறது. ஒரு வீட்டில் மோர் கொடுத்து, ஏதோ சுகமில்லாத பிள்ளை என்று நினைத்து, பஸ்ஸுக்கு வழியும் காட்டி அனுப்பினார்களாம்.

ஐந்தாம் நாள் காலை என் மேசையில் இரண்டு கோயில் திருவிழா நோட்டீஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று மேட்டு அம்மன் கோயில். மற்றது கடற்கரை அம்மன் கோயில். இரண்டிலும் ஓர் இடத்தில் பேனையால் கோடு. தேர்த் திருவிழா, ஆனிப் பூரணைக்கு முதல் நாள், காலை.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு இரண்டு திகதியையும் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்துத் தேர்கள் உயரம். தேர் வரும் வீதியில் குறுக்கே போகிற வயர் எல்லாவற்றையும் அன்று காலை கழற்றி, தேர் போனபின் திரும்பக் கட்டுவார்கள். மூன்று மணித்தியாலமாவது ஆகும். இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மேட்டு அம்மன் எங்கள் கோயில். சின்ன வயதிலிருந்து ஒரு வருஷம் தவறாமல் வடம் பிடிக்கிறேன். கரண்ட் பெடியள் வயரைச் சுருட்டுவதை ஒவ்வொரு வருஷமும் கண்ணால் பார்க்கிறேன். ராசன் அண்ணைக்குக் கடற்கரை அம்மன் கோயில். அந்த வீதியில் எங்கள் வயரைக் கழற்றுகிறவரே அவர்தான். இரண்டு கோயிலுக்கும் பூரணையில் தீர்த்தம். ஆகவே முதல் நாள் தேர். ஆகவே ஒரே காலை, ஒரே நல்ல நேரம். ஆனால் நான் ஒரு நாளும் கடற்கரை அம்மன் தேரைக் கண்டதில்லை, அவர் ஒரு நாளும் மேட்டு அம்மன் தேரைக் கண்டதில்லை. எப்படிக் காண்பது? அந்த நேரம் ஒவ்வொருவனும் தன் அம்மனோடு அல்லவா நிற்கிறான். ஒரே நாளில் இரண்டு தேரும் பார்த்த ஆள் எங்கள் ஊரில் இல்லை.

சிவப்பும் நீலமும் படத்தில் தொடவில்லை. பஞ்சாங்கத்தில் தொட்டன.

"அண்டைக்குச் செவ்வாய்க்கிழமை, சேர்" என்றார் அவர்.

நான் உடனே ஒரு வழி சொன்னேன். "ஒரு நாள்தானே? ஆஸ்பத்திரியிலை சொல்லி ஸ்கானைப் புதனுக்கு மாத்துவம்."

"புதன் பூரணை, நாடு முழுக்க லீவு. கொழும்பு டொக்டர் அடுத்த செவ்வாய்தான் திரையிலை வருவார். அதுவரைக்கும் அந்தப் பிள்ளையின்ரை நெஞ்சைப் பொறுத்திருக்கச் சொல்லி ஆர் சொல்லுறது?"

வாசலில் ராசன் அண்ணை நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறார். தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு நின்றார்.

கைத்தொலைபேசிக் கோபுரத்தைப் பிடிப்போமா என்று யோசித்தோம். அதுவும் சரிவராது. தேர் நாளில் சனம் முழுக்கப் போனைத் தூக்கிப் பிடித்துக் கனடாவுக்கும் லண்டனுக்கும் தேரை நேரடியாகக் காட்டும். கோபுரம் மூச்சுத் திணறும்; குரல் போனாலும் படம் போகாது. கேபிளை நிலத்துக்குக் கீழே இறக்கலாம் என்றால், தேருக்குப் பத்தொன்பது நாள். கடற்கரை அம்மன் கோயில் தர்மகர்த்தாவிடம் போனோம். வெற்றிலை போட்ட வாயோடு எழும்பி நின்றே கேட்டார்:

"தேர் ஓடுற வீதியைக் கிண்டப்போறியளோ? புது மண்ணிலை சில்லு புதைஞ்சா அம்மனை ஆர் தூக்குறது, நீங்களோ?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். மிஸ் திரும்பவில்லை. வீதியின் ஓரத்தில் குந்தியிருந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பழைய மதகு ஒன்று. மாரி வெள்ளம் கடலுக்குப் போகக் கட்டியது. கடற்கரை மணல் வருஷக்கணக்காய் நிரம்பி வாய்வரை மூடிக் கிடந்தது.

"ஐயா, இதுக்கு மேலாலை தேர் ஓடுறதுதானே?"

"ஓடாமல்? எங்கடை அப்பு காலத்திலையிருந்து ஓடுது."

"மணலை எடுக்கமாட்டன். மணல்தான் மதகைத் தாங்குது. வீதியிலை ஒரு கல்லும் அசையாது. மணலுக்குள்ளாலை ஒரு இரும்புக் குழாய் மட்டும் தள்ளுறன்."

தர்மகர்த்தா வெற்றிலையைத் துப்பினார். "நீ ஆரின்ரை பிள்ளை?" என்று கேட்டார். எங்கள் ஊரில் அது சம்மதம் மாதிரி.

மிஸ் குழாய்க்கிணறு அடிக்கிற ஆட்களைக் கூட்டிவந்தார். அவர்களுக்கு நேராகக் கீழே இறக்கித்தான் பழக்கம். படுக்கையாகத் தள்ளச் சொன்னதும் தலையைச் சொறிந்தார்கள். தண்ணீரைப் பாய்ச்சிப் பாய்ச்சி, அங்குலம் அங்குலமாக, இரண்டு நாள். முதல் குழாய் பாதி வழியில் கல்லில் முட்டி வளைந்தது. கல்லுக்குப் பக்கத்தால் இன்னொன்று. இரண்டாம் நாள் பின்னேரம் குழாயின் நுனி மறுபக்கத்தால் எட்டிப் பார்த்தபோது ராசன் அண்ணை அதைக் கையால் பிடித்துக்கொண்டு அழுதார். கேபிளை உள்ளே விட்டு ஒட்டி, ஒளி ஓடவிட்டு, சுணக்கத்தை அளந்தோம். ஒரு துளியும் கூடவில்லை.

தேர் நாள் வந்தது. வாழ்நாளில் முதல் தரம் நான் மேட்டு அம்மன் தேருக்குப் போகவில்லை. கடற்கரை வீதியில், மதகடியில், இவரோடும் ராசன் அண்ணையோடும் நின்றேன். மேட்டு வீதியில் எங்கள் கேபிளைக் கழற்றப் பெடியள் ஆயத்தம். கழற்றுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னமே எல்லாவற்றையும் இந்தப் பக்கம் திருப்பிவிட்டார் இவர். அறுந்தபின் தேடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. இரண்டு காதிலும் இரண்டு போன். ஒன்றில் கந்தோர்ப் பிள்ளை சுணக்கத்தை நிமிடத்துக்கு நிமிடம் வாசித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரியில் ராசன் அண்ணையின் மகளைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். ஒன்பதே முக்காலுக்குத் தேர் மூலையால் திரும்பியது.

நான் தேர் பார்த்தவன். ஆனால் சில்லைப் பார்த்தவன் இல்லை. அன்றைக்குச் சில்லை மட்டுமே பார்த்தேன். ஆள் உயரச் சக்கரம், சுற்றிவர இரும்புப் பட்டை, அதன் கீழே வீதி நெரிபட்டு முனகியது. "அரோகரா" என்று சனம் இழுத்தது. முன்சில்லு மதகில் ஏறியது. அந்தச் சில்லுக்கு மூன்றடி கீழே, இன்னும் துருப்பிடிக்காத ஒரு குழாய்க்குள், மயிர்த் தடிப்பு இழையில், பிறக்காத ஒரு பிள்ளையின் நெஞ்சு துடித்துத் துடித்துக் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சனத்துக்குள் இது எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும்தான் தெரியும். கடவுளைக் கண்டால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் அந்த நிமிடத்தைத்தான் சொல்லுவேன்.

முன்சில்லு இறங்கியது. நான் கைகூப்பி, "முடிஞ்சுது" என்றேன்.

"பின்சில்லு இருக்கு, சேர்" என்றார் அவர். கண்ணை எடுக்கவில்லை.

பின்சில்லு மதகின்மேல் ஏறியது. சரியாக அதில் வைத்துத் தேர் நின்றது. முன்னால் யாரோ நேர்த்திக்குத் தேங்காய் குவித்து உடைக்கத் தொடங்கினார்கள். நூறு தேங்காய் இருக்கும். சில்லுக்குக் கட்டை போட்டுவிட்டார்கள். அவ்வளவு பாரமும் அந்த மணலின்மேல், அந்தக் குழாயின்மேல். மதகின் கல்லிடுக்கிலிருந்து மணல் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. ராசன் அண்ணை என் தோளைப் பிடித்தார். நகம் பதிந்தது. மிஸ் போனில், "வாசியுங்கோ... வாசியுங்கோ..." என்றார். கந்தோர்ப் பிள்ளையின் குரல் எனக்கும் கேட்டது. "கூடேல்லை மிஸ். கூடேல்லை. கூடேல்லை."

கட்டை எடுத்தார்கள். தேர் அசைந்தது. பின்சில்லு இறங்கிப் போனது.

கொஞ்ச நேரத்தில் ராசன் அண்ணையின் போன் அடித்தது. மனைவி. கொழும்பு டொக்டர் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துடிப்பு இறங்கத் தொடங்கியதாம். "பிடியுங்கோ, அங்கையே பிடியுங்கோ" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாராம். இனிப் பொறுக்கக்கூடாது, இப்போதே எடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். மகளை ஒப்பரேசன் தியேட்டருக்குள் கொண்டுபோகிறார்கள். பதினொன்றுக்கு முன் இன்னொரு போன். பெண் பிள்ளை. அழுதாளாம். டொக்டருக்கும் கண் கலங்கியதாம்.

ராசன் அண்ணை வீதியில் விழுந்து, தேர் போன திசையை விட்டு, மதகைக் கும்பிட்டார். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவருடைய காலில் விழுந்தாலும் தகும் என்று இருந்தது. அவர் மதகடியில் குந்தியிருந்து சரிந்த மணலைக் கையால் அள்ளித் திரும்ப உள்ளே அடைத்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷமும் ரண்டு தேரும் ஒரே நாள்தான், சேர். மேட்டு வீதிப் பக்கமும் ஒரு குழாய் தள்ளவேணும்" என்றார்.

அந்தக் குழாயும் தள்ளியானது. அதன் பிறகு இரண்டு வருஷத்தில் அவர் கந்தோரை விட்டார். தாயாரோடு கிழக்கே எங்கேயோ, தங்கை இருக்கும் ஊருக்குப் போனார். கடைசி நாள் தேத்தண்ணி விருந்தில் எல்லோரும் சிரிக்கட்டும் என்று நான் கேட்டேன்: "எல்லாத்துக்கும் அது போனா, அது போனா எண்டு கேட்டனீங்கள். இப்ப நீங்கள் போனா?"

"ராசன் அண்ணைக்கு எல்லாம் தெரியும், சேர்."

"அவர் பென்சன் போனா?"

"நீங்கள் இருக்கிறியள்." கொஞ்சம் யோசித்துவிட்டு, முகத்தில் சிரிப்பில்லாமல், "கொஞ்சம் சுணக்கம்தான். எண்டாலும் போய்ச் சேருவீங்கள்" என்றார்.

கந்தோர் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன்.

இப்போது நான் ஓய்வு. ராசன் அண்ணையும் ஓய்வு. போன மாரியோடு அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. இந்த ஆனியில் இரண்டு கோயில் நோட்டீஸும் வீட்டுக்கு வந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே நாள், ஒரே நேரம். காலையில் பஸ் ஏறிக் கடற்கரை வீதிக்குப் போனேன். மதகுக்கு அருகில் ராசன் அண்ணை பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுக்கு இப்போது ஆறு வயது. தேர் வந்தது. முன்சில்லு மதகால் இறங்கியதும் சனம் தேரோடு நகர்ந்தது. "வாங்கோ தாத்தா, போவம்" என்று அவள் இழுத்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. பின்சில்லு போகும்வரை நின்றோம்.